காலி வண்டி

இந்தக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் ஏத்தி விடுங்க தம்பி, சாரல் அடிக்குது. எனக்கு இழுக்க வரலை. ஆங், போதும். மகராசனா இருங்க.

பின்னால் என் சைக்கிள் அசையாம இருக்குமா? நீங்க கட்டின கட்டைப் பார்த்தேன், நல்ல கட்டுதான். இருந்தாலும் அவ்வளவு பெரிய லாரியில் அது ஒண்ணு மட்டும் தனியாக் கிடக்குதேன்னு ஒரு இது. காலி வண்டின்னுதானே சொன்னீங்க? நாக்பூரில்தான் லோடு ஏத்தணும்னு. அதனாலதான் துணிஞ்சு ஏறினேன். லோடு வண்டியில் நாமளும் ஏறிக்கிட்டு உங்களுக்கு ஏன் சிரமம்.

அந்த ஓட்டலில் ரெண்டு மூணு நாளாவே உட்கார்ந்திருந்தேன். மழை விடட்டும், போகலாம்னுதான். மழை நடுவில் நடுவில் விட்டது, இல்லைன்னு சொல்லலை. நான் எழுந்திரிக்கிறதுக்குள் மறுபடி பிடிச்சுக்கிட்டது. இன்னைக்குக் காலையில் உங்க லாரி பின்னாடி தமிழ் எழுத்தைப் பார்த்தேன். 'அண்ணமார் துணை'. எழுத்துக் கூட்டி வாசிச்சதும் கண்ணில் தண்ணி வந்துடுச்சு. நீங்க வாயைக் கொப்பளிச்சுக்கிட்டே கேட்டீங்க பாருங்க, "ஏனுங்கம்மா, நம்மூருங்களா? எந்தப் பக்கம்?" அந்த நார்த்தாமலை ஆத்தாளே வந்து கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

நம்மூருதான். புதுக்கோட்டைப் பக்கம், கீரனூருக்கு உள்ளே. பேரு மாரிக்கண்ணு.

உங்ககிட்ட நான் கேட்ட உதவி ஞாபகம் இருக்குல்ல? லக்நாதோன் ஊர் தாண்டி, சிவனிக்குப் போற வழியில் ஒரு ஓடைப் பாலம் வரும். பாலம் முடிஞ்சதும் உங்க கைப்பக்கம் ஒரு அரசமரம். அதில் சிவப்புத் துணியில் ஒரு செம்பு தொங்கும். அங்கே நிறுத்துங்க. நான் இறங்கி அதை அவிழ்த்துக்கிட்டு, சைக்கிளையும் இறக்கிக்கிட்டு, மறுபடி காசிக்கே திரும்பிடுறேன். காசியிலிருந்துதான் வர்றேன், ஆமா. திரும்பவும் போகணும். என்ன செய்யறது, எங்க வீட்டுக்காரர் அந்தச் செம்பில்தான் இருக்கார்.

ஐயோ, ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க. பயப்படாதீங்க. அஸ்திதான். சாம்பலும் நாலு எலும்பும். நீங்களே கேட்டுக்கங்க, நான் செஞ்சது தப்பான்னு சொல்லுங்க. தப்பா இருக்காது. எனக்குத் தெரியும்.

காசிக்கு ஏன் சைக்கிளில்னு எல்லாரும் கேட்கிறாங்க. என் மகன் சிங்கப்பூரில் இருக்கான், கலைமணி. "பிளேன்ல டிக்கெட் போடறேம்மா, ரெண்டே மணி நேரம்"ன்னான். மகள் அறிவுச்செல்வி திருப்பூரில். அவ அழுதுட்டா. "ஊர்ல எங்களைப் பத்தி என்ன பேசுவாங்க, அம்மாவைச் சைக்கிள்ல அனுப்பிட்டு பிள்ளைங்க வேடிக்கை பார்த்தாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?" நான் என்ன செய்ய? அவர் கடைசியாச் சொன்னது அதுதான். மஞ்சள் காமாலையில் கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடந்தார். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "என்னைக் காசிக்குக் கூட்டிட்டுப் போ. நீயே மிதிச்சுக் கூட்டிட்டுப் போ. வேற வண்டியில ஏத்திடாதே." அவருக்கு மோட்டார் வண்டி ஒத்துக்காது தம்பி. பஸ் ஏறினா அடுத்த ஸ்டாப்புக்குள் வாந்தி. அதனால எங்கே போறதா இருந்தாலும் என் சைக்கிள்தான். நான் மிதிப்பேன், அவர் கேரியரில் உட்கார்ந்துக்குவார்.

சிரிக்கலாம், சிரிங்க. ஊரே சிரிச்சது. எங்க மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்த காலம். ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் எழுத்தும் சொல்லிக் குடுத்தாங்க, பொம்பளைங்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா எழுதறதுக்கு முந்தி எனக்குச் சைக்கிள் வந்துடுச்சு. ஒரு தடவை ஓட்டிட்டு இறங்கினா காலு தரையில் பாவ மாட்டேங்குது. அவருக்குச் சைக்கிள் வராது. "பொம்பளை பிடிச்சுக்க ஆம்பளை பழகறதா"ன்னுட்டார். ஆனா என்னைப் போகக் கூடாதுன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. மத்த வீடுகளில் அடிச்சு உதைச்சுப் பூட்டி வெச்சாங்க. இவர் அப்படி இல்லை. நான் ஸ்டாண்டை எடுத்தா, அவர் சட்டையை மாட்டிக்கிட்டு வந்து பின்னால் உட்கார்ந்துக்குவார். அவ்வளவுதான்.

மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போனா வருவார். ரேஷனுக்குப் போனா வருவார். கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, வளையல் போட. டீக்கடையில் அவர் சேக்காளிங்க கத்துவாங்க, "என்னடா, பொண்டாட்டி டாக்ஸியில வர்றியா?" இவர் கால் ஆட்டிக்கிட்டே சொல்லுவார், "ஆமாடா, டிரைவருக்குச் சம்பளம் கிடையாது." குழுப் பொம்பளைங்களும் லேசுப்பட்டவங்களா? "மாரிக்கண்ணு, உன் கேரியர்ல எப்பப் பார்த்தாலும் ஒட்டிக்கிட்டிருக்கே, அது என்னடி, பல்லியா?"

எனக்கு வருத்தமே வந்ததில்லை. எத்தனை பொம்பளைக்கு அப்படி ஒரு துணை அமையும், சொல்லுங்க.

அம்மா வீட்டுக்கு மட்டும்தான் போக முடியாமப் போச்சு. அது மேட்டுப் பாதை. ரெண்டு பேரோட மிதிக்க முடியாது. தனியாப் போனா ஒரு மிதியில் போயிடுவேன். தனியா எப்படி விடுவார்? அம்மா செத்தப்ப ஆட்டோ வெச்சுப் போனோம். வழியெல்லாம் அவருக்கு வாந்தி. அங்கே போயும் மயக்கம். அவருக்குத் தண்ணி குடுத்து, விசிறி, படுக்க வெச்சு நிமிர்ந்து பார்க்கிறேன், அம்மாவைத் தூக்கிட்டாங்க. சரி, அம்மா முகம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. போய்ப் பார்த்துத்தான் ஆகணும்னு இல்லை.

பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் வழி சொல்ல வேணாமா? அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். விரலால் சொல்லுவார். இடது இடுப்பில் ஒரு குத்து, இடது பக்கம் திரும்பு. வலது இடுப்பில் ஒரு குத்து, வலது பக்கம். நடு முதுகில் குத்தினா நேராப் போ. எனக்குத் தெரிஞ்ச வழியா இருந்தாலும் குத்துவார், அது அவருக்கு ஒரு பழக்கம். ரெண்டு இடுப்பும் எப்பவும் கன்னிப் போய்க் கிடக்கும். மகள் குளிக்க ஊத்துறப்ப பார்த்துட்டு, "என்னம்மா இது?"ன்னா. "ரூட்டுடி"ன்னேன். நான் சிரிச்சேன். அவதான் சிரிக்கலை.

இது எந்த ஊரு தம்பி? லக்நாதோன் இன்னும் இருக்கா? சரி, சரி. நீங்க மெதுவாவே போங்க. மழையில் வேகம் வேண்டாம்.

கிளம்பறப்ப எங்க ஊர்ப் பூசாரி ஒண்ணு சொன்னார். அஸ்தியைக் கொண்டு போறப்ப, ஒவ்வொரு இடத்திலிருந்து புறப்படறப்பவும் வாய்விட்டுக் கூப்பிடணும். 'வாங்க, போகலாம்'னு கூப்பிடணும். கூப்பிடாம விட்டா, அவங்க அந்த இடத்திலேயே நின்னுடுவாங்க. இன்னொண்ணும் சொன்னார். "யார் கூப்பிட்டாலும் கூட வந்துடுவாங்க ஆத்தா. அதனால வழியில வேற ஒருத்தர் கூப்பிட விட்டுடாதே." ரெண்டையும் நான் மறக்கலை. எந்த வீட்டுக்குள்ளேயும் அந்தச் செம்பைக் கொண்டு போகக் கூடாது, மரத்தில் கட்டணும். அதுவும் மறக்கலை.

நான் அவரைக் கேரியரில் வெச்சுக் கட்டி, "வாங்க, போகலாம்"னேன். மிதிச்சேன் பாருங்க தம்பி. பழைய கனம். அதே கனம். ஒரு செம்பு என்ன கனம் இருக்கும்? நீங்க ஒரு கையில் தூக்கிடுவீங்க. ஆனா சைக்கிள் பின்பக்கம் அமுங்குது. டயர் நசுங்குது. கீரனூர் முக்கில் நின்னேன். வலது இடுப்பில் ஒரு குத்து.

எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது. ஏன் பயப்படணும்? எங்க வீட்டுக்காரர்தானே.

அப்படித்தான் இம்புட்டு தூரம் வந்தேன். சேலத்தில் ஏறினா ஒரே ரோடு, உங்களுக்குத் தெரியாததா. கோயிலில் படுத்தேன், பெட்ரோல் பங்க்கில் படுத்தேன், உங்களை மாதிரி லாரிக்காரங்க சாப்பிடுற ஓட்டலில் படுத்தேன். பாஷை தெரியாது. வழி கேட்கவும் தேவையில்லை. குத்தின பக்கம் திரும்பினேன். எல்லாரும் "அகேலி? அகேலி?"ன்னு கேட்டாங்க. தனியாவான்னு அர்த்தமாம். நான் பின்னால் கையைக் காட்டுவேன். அவங்க கேரியரைப் பார்ப்பாங்க, என்னைப் பார்ப்பாங்க, ஒரு ரொட்டி கூடக் குடுத்து அனுப்பிடுவாங்க.

அந்த மழை நாளைச் சொல்றேன், அதுக்குத்தான் வந்தேன்.

சிவனி தாண்டினதும் காடு. விடிஞ்சதிலிருந்து மழை. நம்ம ஊர் மழை மாதிரி வந்துட்டுப் போற மழை இல்லை, வானமே உட்கார்ந்துட்ட மாதிரி. பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டிக்கிட்டேன், செம்புக்கும் ஒண்ணு கட்டினேன். மழையில் நனைஞ்சா அவருக்குச் சளி பிடிக்கும். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. சைக்கிள் அன்னைக்கு என்னைக்கும் இல்லாத கனம். இறங்கித் தள்ளவும் முடியலை. நான் இறங்கினா அவர் இறங்கணும்ல? அவர் இறங்கலை. நான் பேசிக்கிட்டே மிதிக்கிறேன். "ஏங்க, ஒரு மரத்தடியில ஒதுங்குவோமா? ஏங்க, காலு நடுங்குதுங்க." நடு முதுகில் ஒரு குத்து. நேராப் போ.

அந்த ஓடை கிட்ட அப்போ பாலம் வேலை நடந்தது. பக்கவாட்டில் ஒரு மண் ரோட்டில் திருப்பி விட்டிருந்தாங்க. இறங்கினா, ஓடைக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம். பாலம் எங்கே இருக்கு? செக்கச் செவேல்னு தண்ணி மேலே ஓடுது. ஓரத்துக் கல்லுங்க மட்டும் தலை காட்டுது. அந்தப் பக்கம் கரை தெரியலை, மழை.

நின்னுட்டேன்.

நடு முதுகில் குத்து.

"ஏங்க, தண்ணி ஓடுதுங்க."

மறுபடி குத்து. பலமா. உயிரோட இருந்தப்பக்கூட அவ்வளவு பலமாக் குத்தினதில்லை.

அவருக்கு அவசரம் தம்பி. காசிக்குச் சீக்கிரம் போய்ச் சேரணும்னு அவசரம். வேற ஒண்ணும் இல்லை. நான் கூட அந்த நேரத்தில் வேற என்னமோ நினைச்சுட்டேன். மழையில் மனசு அப்படித்தான் எதையாவது நினைக்கும்.

சைக்கிளை உருட்டிக்கிட்டு இறங்கினேன். முன் சக்கரம் தண்ணிக்குள் போச்சு. கெண்டைக்கால் நனைஞ்சது. முட்டி நனைஞ்சது. தண்ணி இழுக்குது, முதுகில் விரல் தள்ளுது. ஆத்தாளைக் கூப்பிட வாயைத் திறக்கிறேன், "ஏங்க, ஏங்க"ன்னுதான் வருது. அப்போ பின்னால் ஒரு கத்தல். ஒரு பொம்பளை. ஓடி வந்து கேரியரை ரெண்டு கையாலும் பிடிச்சு இழுத்தா. அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தில், அந்தச் செம்புக்கு மேலேயே கையை வெச்சு இழுத்தா. இழுத்து, என்னையும் சைக்கிளையும் கரையில் போட்டா. நாங்க விழுந்துகிட்டே திரும்பிப் பார்க்கிறோம், நான் நின்ன இடத்தில் ஒரு முழு மரம், வேரோட, உருண்டு போகுது.

அவ பேரு சுக்வதி. கன்னத்தில் ஓங்கி ஒண்ணு விட்டா என்னை. தப்பில்லை. கூடப் பிறந்தவளாட்டம் அடிச்சுட்டு, அவளே கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா.

அவ வீடு அந்த அரசமரத்துக்குப் பின்னாலதான். உள்ளே கூப்பிட்டா. நான் செம்பைக் காட்டினேன். பார்த்ததும் புரிஞ்சுக்கிட்டா, அவங்களுக்கும் சாவு வீட்டில் அரசமரத்தில் கலயம் கட்டற வழக்கம் இருக்கும்போல. நானே கட்டினேன். கைக்கு எட்டற கிளையில், சிவப்புத் துணியைச் சுத்தி, மூணு முடிச்சுப் போட்டேன். இறுக்கி. "இருங்க, வந்துடறேன்"னு சொல்லிட்டுத்தான் உள்ளே போனேன். அதைச் சொல்லாம இல்லை.

சுக்வதி அடுப்பைப் பெருசா மூட்டினா. அவ சேலை ஒண்ணு குடுத்தா. நான் மாத்தறப்ப என் இடுப்பைப் பார்த்துட்டா. பார்த்துட்டு வாசல் பக்கம், மரத்தைப் பார்த்தா. பாஷை தெரியாதே, என்ன கேட்பா. ஒரு கிண்ணத்தில் எண்ணெயைச் சுட வெச்சுக் கொண்டாந்து தேய்ச்சு விட்டா. மக்காச்சோள ரொட்டி தட்டிப் போட்டா. சாப்பிட்டுட்டு அந்த அடுப்பு ஓரத்திலேயே படுத்தேன். பட்டப் பகல். கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படித் தூங்கினதில்லை தம்பி. களைப்புதான், வேற என்ன.

சாயங்காலம் முழிச்சேன். மழை நிக்கலை. வாசலில் நின்னு மரத்தைப் பார்த்தேன். காத்து இல்லை. ஒரு இலை அசையலை, மழை நேராக் கீழே இறங்குது. சிவப்புத் துணி மட்டும் ஆடுது. இப்படியும் அப்படியுமா. அவர் கேரியரில் உட்கார்ந்து கால் ஆட்டுவார்னு சொன்னேன்ல, அதே ஆட்டம். சுக்வதி என் கையைப் பிடிச்சு உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, உலக்கையைக் குறுக்கே வெச்சுட்டா.

லக்நாதோன் வந்துடுச்சா? இதுவா? பெரிய ஊராத்தான் இருக்கு. டீ குடிக்கிறீங்களா தம்பி? நிறுத்தறதுன்னா நிறுத்துங்க. வேணாமா. சரி.

மறுநாள் காலையில் மழை விட்டுத் தூறலா இருந்தது. ஓடையில் தண்ணி இறங்கிடுச்சு, கல்லெல்லாம் வெளியே தெரியுது. சுக்வதி ஒரு துணியில் ரொட்டியைக் கட்டி, என் கயித்தாலேயே கேரியரில் வெச்சுக் கட்டி விட்டா. இங்கேதான் கவனிக்கணும் நீங்க. கேரியரில் ஒரு மூட்டை இருக்கு. என் கயிறு, என் கட்டு. திரும்பிப் பார்த்தா மூட்டை இருக்கு. யாரா இருந்தாலும் அவர் இருக்கார்னுதானே நினைப்பாங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். அவளைக் கட்டிப் பிடிச்சுச் சொல்லிக்கிட்டேன், ஏறினேன், ஓடையைத் தாண்டினேன்.

கூப்பிட்டேனான்னு கேட்கிறீங்களா? 'வாங்க, போகலாம்'னா? கூப்பிட்டிருப்பேன். தினமும் கூப்பிடறதுதானே.

தம்பி, உங்களுக்கு லோடு இறக்கிட்டுக் காலி வண்டி ஓட்டறப்ப எப்படி இருக்கும்? ஸ்டியரிங் பஞ்சு மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்களே. அப்படி இருந்தது. மேடே தெரியலை. மிதிச்சா பறக்குது. ஆத்தா காத்து அனுப்பியிருக்கா பின்னாலிருந்துன்னு நினைச்சேன். ஒரு முக்கு வந்தது. நின்னேன். ஒரு குத்தும் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அப்புறம் நானே யோசிச்சு வலது பக்கம் திரும்பினேன். சரியான வழிதான் அது. மணி அடிச்சேன். ரோட்டில் ஒரு மாடு கூட இல்லை, சும்மா அடிச்சேன். அடிச்சுக்கிட்டே போனேன். அறிவொளியில் முதல் முதலா யாரும் பிடிக்காம ஓட்டினேனே, அன்னைக்குக் கூட அப்படி மணி அடிக்கலை.

பசிச்சது. ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தேன். ரொட்டி.

சாப்பிட்டேன். எல்லாத்தையும் சாப்பிட்டேன். பசி. சாப்பிட்டு முடிச்சு, துணியை உதறி மடிச்சப்பதான் தெரிஞ்சது.

அப்படியே பதறிட்டேன் தம்பி. உடனே சைக்கிளைத் திருப்பினேன். சத்தியமாத் திருப்பினேன். எதிர்க்காத்து. முகத்தில் அடிக்குது. எதிர்க்காத்தில் எப்படி மிதிக்கிறது, நீங்களே சொல்லுங்க. வெறும் சைக்கிளா இருந்தாலும் மிதிக்க முடியாது. அதனால காத்து போற பக்கமே போவோம், காசியில் கும்பிட்டுட்டுத் திரும்பறப்ப எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணினேன். அவர் எங்கே போயிடப் போறார். மூணு முடிச்சு.

காசியில் தமிழ் பேசற சாஸ்திரி ஒருத்தர் அகப்பட்டார். "அஸ்தி எங்கேம்மா?"ன்னார்.

"பின்னால வர்றாருங்க"ன்னேன்.

"யார், உங்க பிள்ளை எடுத்துண்டு வர்றாரா?"

"இல்லைங்க. அவரே."

நல்ல மனுஷர், "நீங்க ஸ்நானம் பண்ணுங்கோ. காசிக்கு வந்தா மனசுக்குப் பிடிச்சது ஒண்ணை விட்டுட்டுப் போகணும். எதை விடறேள்?"னார். நான் யோசிச்சேன், யோசிச்சேன், எனக்குப் பிடிச்சது எதுன்னே வரலை. எங்க வீட்டில் அவருக்குப் பிடிச்சதுதான் எனக்கும். கடைசியில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்புன்னேன். அது அவருக்குத்தான் உசிரு. எனக்கு அந்த நாத்தமே ஆகாது. அதை விட்டுட்டேன்.

மகள் போன் போட்டா. "அப்பாவைத் தண்ணியில விட்டாச்சாம்மா?"

"தண்ணியிலதான்டி இருக்கார்"ன்னேன். நான் பொய் சொல்ல மாட்டேன் தம்பி, வாழ்க்கையில் சொன்னதில்லை. இங்கே அப்போ மழை விடலையே.

பிள்ளைங்க ரெண்டும் நிம்மதி ஆயிட்டாங்க. எனக்குத்தான் தூக்கம் வரலை. தினம் காலையிலும் சாயங்காலமும் கங்கைக் கரையில் உட்கார்ந்து கும்பிட்டேன். அவருக்கு நல்ல கதி குடு, நனையாம வெச்சுக்க. வேற எதுவும் வேண்டலை. சீக்கிரம் போய் எடுத்துடணும்னு வேண்டிக்கவே இல்லையேன்னு இங்கே வந்தப்புறம்தான் ஞாபகம் வந்தது. வேண்டிக்கிட்டாத்தானா? எடுக்கப் போறேன்தானே. எடுத்துக் கேரியரில் வெச்சுக் கட்டிக்கிட்டுத் திரும்பப் போறேன்தானே. அதுக்குத்தானே வர்றேன்.

என்ன தம்பி, பாலமா? எந்தப் பாலம்? இது அது இல்லை. இது சின்னது. அதில் கம்பி இருக்கும். இதிலும் கம்பி இருக்கா?

மெதுவா. மெதுவாப் போங்க. ஆமா. இதுதான். புதுப் பாலம் திறந்துட்டாங்கபோல. கீழே பாருங்க, செகப்பாத் தண்ணி போகுது, அன்னைக்கு மாதிரியே.

மரம் தெரியுதா? உங்க ஜன்னல் பக்கம்தான். எனக்குக் கண்ணாடி பூரா மழையா இருக்கு. சிவப்பாத் தெரியுதா? தெரியுதா. இருக்கட்டும். நல்லாத்தான் கட்டியிருக்கேன், பார்த்தீங்களா.

ஆடுதா?

நிறுத்தாதீங்க தம்பி. வேண்டாம். ஈர ரோட்டில் சட்டுனு பிரேக் பிடிச்சா வழுக்கும். இந்த மழையில் முடிச்சை அவிழ்க்கவும் வராது, நனைஞ்ச துணி இறுகிக் கிடக்கும். மழை விடட்டும். சிவனி வரைக்கும் போயிடுவோம், அங்கே இறக்கி விடுங்க, மழை விட்டதும் நான் சைக்கிளில் வந்து எடுத்துக்கிறேன். என்ன அவசரம்? அந்த மரமும் அவருக்குப் பிடிச்சுப் போயிருக்கும். நல்ல நிழல். சுக்வதி நல்லவ. இருக்கட்டும் இன்னும் கொஞ்ச நாள். நீங்க போங்க. அப்படியே மெதுவா, நிறுத்தாம, போங்க.

என்ன செய்யறீங்க? ஏன் கையெடுத்துக் கும்பிடறீங்க? பெரியவங்களைக் கண்டா கும்பிடணும்தான், நல்ல பிள்ளை...

ஐயோ.

ஐயோ தம்பி, ஏன் அப்படிச் சொன்னீங்க? "ஐயா, வாங்க, ஊருக்குப் போகலாம்"னு ஏன் சொன்னீங்க? பாவமேன்னு சொன்னீங்களா. தனியா மழையில தொங்கறாரேன்னா. உங்க மனசு எனக்குப் புரியுது. கோபம் இல்லை. உங்களுக்கு என்ன தெரியும். பூசாரி என்ன சொன்னார்னு நான்தான் சொன்னேனே தம்பி, காதில் விழலையா, சொன்னேனே.

சரி, போங்க. ஒண்ணும் இல்லை. மழைச் சத்தம்தான் அது. ஓட்டுங்க.

ஏன் கியரை இறக்கறீங்க? மேடே இல்லையே. சமமாத்தானே இருக்கு ரோடு? இழுக்க மாட்டேங்குதா? காலி வண்டிதானே தம்பி?

இருங்க. பதறாதீங்க. பிரேக்கைத் தொடாதீங்க, பழகிடும். நான் இப்படி உங்க பக்கம் தள்ளி உட்கார்ந்துக்கிறேன். ஜன்னலோரம் இடம் விட்டுடறேன்.

அந்தக் கண்ணாடியை இறக்கி விடுங்க தம்பி. சாரல் அடிச்சா அடிக்கட்டும். அவருக்கு வாந்தி வரும்.